சாவு மந்திரத்துக்கு ஒரு விதி வேண்டும்

எந்த ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக மாறி ஆடும்) கேமை எடுத்தாலும் அடியில் ஓடுவது ஒரு கணக்குதான். எதிரிக்கு இத்தனை எச்பி (உயிர்ப் புள்ளி), என் வாள் ஒரு வெட்டுக்கு இத்தனை குறைக்கும், அவன் திருப்பி அடித்தால் எனக்கு இத்தனை போகும், அதற்குள் யாராவது மருந்து போட வேண்டும். காசு சேர்த்து நல்ல கவசம் வாங்குவதும், ஒரே காட்டைச் சுற்றிச் சுற்றி வந்து லெவல் ஏற்றுவதும் இந்தக் கணக்கில் நம் பக்கம் நாலு எண் கூட்டுவதற்காகத்தான். அந்தக் கணக்கையே ஓரமாக ஒதுக்கிவிட்டு, 'எச்பி எவ்வளவு இருந்தால் என்ன, செத்துப் போ' என்று சொல்லும் மந்திரம் இந்த வகைக் கேம்களில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. டிராகன் குவெஸ்டில் ஸாக்கி, ஸராக்கி. ஃபைனல் ஃபேண்டசியில் டெத். ஷின் மெகாமி டென்செய், பெர்சோனா வரிசைகளில் ஹாமா, முடோ. போக்கிமானில் கில்லட்டின், ஹார்ன் ட்ரில், ஃபிஷர்.

எனக்கு இந்த மந்திரங்கள் மேல் தனிப் பிரியம். புதுக் கேம் வாங்கினால் மந்திரப் பட்டியலில் முதலில் தேடுவதே இதைத்தான். நெருப்பு, பனி, இடி எல்லாம் எப்படி வேலை செய்யும் என்று ஆடாமலேயே சொல்லிவிடலாம். சாவு மந்திரத்தை ஒரு கேம் எப்படி வைத்திருக்கிறது என்பதில்தான் அதை உருவாக்கியவர்கள் தங்கள் கணக்கை எவ்வளவு தூரம் நம்புகிறார்கள் என்பது தெரியும். பாதிக்கு மேற்பட்ட கேம்களில் ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது.

காரணம் எளிது. வழியில் வரும் சில்லறை எதிரி இரண்டு வெட்டில் சாவான். அவனுக்கு எதற்கு எம்பி என்ற மந்திர சக்தியைச் செலவழித்து மந்திரம்? பாஸ் எனப்படும் பெரிய எதிரி வந்து நின்றால் அங்கே மந்திரம் பலிக்காது என்று ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார்கள். கர்ணன் இந்திரனிடம் வாங்கி வைத்திருந்த சக்தி ஆயுதம் நினைவுக்கு வருகிறது. ஒரே முறைதான், ஆனால் எறிந்தால் தப்பாது. அர்ஜுனனுக்கென்று பொத்தி வைத்திருந்ததைக் கடோற்கசன் மேல் எறிய வைத்ததால்தான் கிருஷ்ணர் அன்று நிம்மதிப் பெருமூச்சு விட்டார். நம் கேம்களிலோ அந்த ஆயுதம் கடோற்கசன்கள் மேல் மட்டுமே பாயும். அர்ஜுனன் மேல் எறிந்தால் 'பலனில்லை' என்று திரையில் எழுத்து வரும்.

பாஸுக்கு விலக்கு கொடுப்பதில் உள்ள நியாயம் எனக்குப் புரிகிறது. மாதக்கணக்கில் உழைத்து ஒரு பாஸை வரைந்து, இசை போட்டு, மூன்று கட்டமாக உருமாற வைத்திருப்பார்கள். ஒருவர் முதல் முறையிலேயே ஒரு மந்திரத்தைப் போட்டு முடித்துவிட்டால் அவ்வளவு உழைப்பும் போச்சு. சரிதான். ஆனால் விலக்கு ஒன்றுதான் வழியா என்பதே என் கேள்வி. இந்த மந்திரம் பிறந்த இடத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

பிறந்த இடம் வீடியோ கேம் அல்ல, காகிதமும் பகடையும். 1974ல் வந்த முதல் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளிலேயே 'டெத் ஸ்பெல்' என்று ஒன்று இருந்தது. இரண்டிலிருந்து பதினாறு உயிர்கள் வரை கொல்லும், ஆனால் பலத்தைக் குறிக்கும் ஹிட் டைஸ் ஏழுக்குக் குறைவானவற்றை மட்டும். பலத்துக்கு ஒரு கோடு கிழித்து, அதற்குக் கீழே இருப்பவனுக்குச் சாவு, மேலே இருப்பவனுக்கு ஒன்றுமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். அதே விதிகளில் 'ஃபிங்கர் ஆஃப் டெத்' இருந்தது. அது வேறு ரகம். இறந்தவரை எழுப்பும் மந்திரத்தைத் தலைகீழாக்கியது. யார் மேலும் போடலாம். பகடை உருட்டித் தப்பினால் தப்பினான், இல்லையென்றால் முடிந்தது. ஆக, ஆரம்பத்திலேயே இரண்டு வம்சம்: ஒன்று நிபந்தனை வைப்பது, மற்றொன்று அதிர்ஷ்டத்திடம் விடுவது. 1981ல் வந்த விசார்ட்ரி இரண்டையும் கணினிக்குக் கொண்டுவந்தது. அதில் வரும் மகானிட்டோ, எட்டாம் லெவலுக்குக் கீழே உள்ள எதிரிகளைத் துடைத்துவிடும். பாடி என்பது ஒரே எதிரியைக் குறிவைத்து அதிர்ஷ்டத்தை நம்பிப் போடுவது.

விசார்ட்ரியைப் பார்த்து வளர்ந்த டிராகன் குவெஸ்ட் அதிர்ஷ்ட வம்சத்தைப் பிடித்துக்கொண்டது. 1987ல் வந்த இரண்டாம் பாகத்தில் ரொண்டார்கியா என்ற பனி மேட்டு நிலம் கடைசிப் பகுதியாக வரும். அங்கே போவதற்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் நிறைந்த குகையில் உயிர் போய் உயிர் வந்திருக்கும். வெளிச்சத்துக்கு வந்து பனியில் கால் வைத்தால் பிளிஸார்ட் என்னும் பனி உருவங்கள் கூட்டமாக வந்து ஸராக்கி போடும். நம் அணியில் இருப்பதே மூன்று பேர். அந்த மூன்று பேரையும் ஒரே மந்திரம் குறிவைக்கும். எச்பி முழுதாக இருந்தாலும் சாவுதான், நல்ல கவசம் போட்டிருந்தாலும் சாவுதான். மூவரும் விழுந்தால் பாதிக் காசை இழந்து பழைய இடத்திலிருந்து திரும்ப நடக்க வேண்டும். அந்தக் காலத்து ஃபாமிகாம் (நிண்டெண்டோவின் கேம் கருவி) பாகத்தில் சேவ் வசதியும் கிடையாது. 52 எழுத்து வரை நீளும் ஒரு கடவுச்சொல்லைக் கையால் எழுதி வைத்து, மறுபடி ஒவ்வொரு எழுத்தாக உள்ளிட வேண்டும். ஜப்பானில் அந்தத் தலைமுறை ரொண்டார்கியா என்ற பெயரை இன்றும் மறக்காமல் இருப்பது சும்மா இல்லை.

இதே மந்திரம் நம் கைக்கு வரும்போதுதான் விஷயம் சுவாரசியமாகிறது. 1990 பிப்ரவரியில் டிராகன் குவெஸ்ட் IV வந்தது. கதை ஐந்து அத்தியாயம். முதல் நாலில் வெவ்வேறு ஆட்களை நாமே நடத்துவோம். ஐந்தாவதில் எல்லோரும் ஒன்று சேர்வார்கள். அங்கே ஒரு புதுமை வைத்தார்கள்: நாயகனுக்கு மட்டும்தான் நாம் நேரடியாகக் கட்டளையிடலாம். மற்றவர்களுக்குப் பொதுவாக ஓர் உத்தி சொல்லலாம், அவ்வளவுதான். 'அடித்து நொறுக்குவோம்', 'உயிர்தான் முக்கியம்', 'மந்திரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்து', 'மந்திரமே போடாதே' என்கிற மாதிரி ஆறு உத்திகள். யார் எதைச் செய்வது என்பதை அவரவரே முடிவு செய்வார்கள்.

அந்த அணியில் கிளிஃப்ட் என்று ஒரு பூசாரி. நிண்டெண்டோ டிஎஸ் கருவிக்கான ஆங்கிலப் பாகத்தில் கிரில் என்று பெயர். மருத்துவம் பார்க்கும் ஆள், கூடவே ஸாக்கியும் ஸராக்கியும் தெரிந்தவர். பாஸ் சண்டையில் நாயகன் குற்றுயிராக நிற்பான். கிளிஃப்ட் கையை உயர்த்துவார். ஸராக்கி! பலிக்காது. பாஸ் அடிப்பான். அடுத்த முறை கிளிஃப்ட் மறுபடி கையை உயர்த்துவார். ஸராக்கி! கடைசி பாஸ் முன்னாலும் இதுவே நடக்கும். தடுக்க ஒரு வழி 'மந்திரமே போடாதே' என்பது. அதைச் சொன்னால் சாவு மந்திரம் நிற்கும், கூடவே மருந்து மந்திரமும் நின்றுவிடும். பூசாரியை அழைத்து வந்த காரணமே அடிபட்டுப் போகும். ஜப்பான் முழுக்க இது பெரிய கேலிப் பொருளானது. கிளிஃப்ட் என்றால் ஸராக்கி, ஸராக்கி என்றால் கிளிஃப்ட் என்று முப்பது வருஷத்துக்கு மேலாகியும் பேச்சு ஓயவில்லை.

நான் கிளிஃப்ட் பக்கம். முழு மனதோடு சொல்கிறேன். அந்தக் கேமில் தோழர்களுக்கு எந்த எதிரிக்கு எந்த மந்திரம் பலிக்காது என்பது முன்கூட்டியே தெரியாது; சண்டை போட்டுப் போட்டுப் பார்த்துத்தான் கற்றுக்கொள்வார்கள். அன்றைய எட்டு பிட் கருவியில் அப்படி ஒன்றைச் செய்து காட்டியதே பெரிய காரியம். காட்டில் திரியும் எதிரிகளை அடிக்கடி சந்திப்பதால் அங்கே கிளிஃப்டுக்கு விவரம் புரிந்துவிடும். பாஸை வாழ்நாளில் ஒரு தடவைதான் சந்திக்கிறார். எங்கே போய்க் கற்பது? எதிரே மலை மாதிரி எச்பி வைத்திருக்கும் ஒருவன் நிற்கிறான். கையில் எச்பியைப் பார்க்காத ஒரு மந்திரம் இருக்கிறது. அந்த மந்திரத்துக்குக் கேம் கொடுத்திருக்கும் விளக்கத்தை நம்பினால், இருப்பதிலேயே நல்ல முடிவு அதைப் போடுவதுதான். கிளிஃப்ட் செய்தது முட்டாள்தனம் அல்ல. விளக்கத்தை அப்படியே நம்பினார், விலக்குப் பட்டியலை அவருக்கு யாரும் காட்டவில்லை. பிறகு 2001ல் வந்த பிளேஸ்டேஷன் பாகத்தில் தோழர்களுக்கு நேரடிக் கட்டளை கொடுக்கும் வசதியைச் சேர்த்தார்கள். கிளிஃப்டைச் சரிசெய்தாயிற்று. மந்திரம் அப்படியே இருந்தது.

எதிரியின் கையில் இருக்கும்போது இதே அதிர்ஷ்ட வம்சம் எவ்வளவு கசப்பாகும் என்பதற்குப் பெர்சோனா 3ஐச் சொல்வேன். அதில் நாயகன் விழுந்தால் உடனே கேம் ஓவர். கூட மூன்று பேர் நலமாக நின்றாலும் சரி. ஆரம்பத்தில் அவனுக்குக் கிடைக்கும் ஆர்ஃபியஸ் என்ற பெர்சோனாவோ (அவனுக்காகச் சண்டையிடும் உள் சக்தி) இருள் மந்திரத்துக்குப் பலவீனமானது. முடோ என்பது இருள் மந்திரம். டார்டரஸ் கோபுரத்தில் ஏறும்போது வழியில் சேவ் செய்ய முடியாது. கீழே வாசலுக்கு வந்துதான் செய்ய வேண்டும். அக்கா பையன் என் பழைய பிஎஸ்பி கைக்கருவியில் இதை ஆடிக்கொண்டிருந்தான். நல்ல கவனமாக ஆடுகிற பிள்ளை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் எச்பியைப் பார்த்து மருந்து போட்டுக்கொண்டே ஏறினான். ஒரு மாடியில் எதிரி முந்திக்கொண்டது. முடோ. ஊதா வெளிச்சம் வந்தது, நாயகன் சரிந்தான், திரை இருண்டது. அவனுக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை.

"ஏன் மாமா, பையில உயிர் குடுக்கிற மணி அத்தனை இருக்கே. இவங்க மூணு பேர்ல ஒருத்தர்கூட போட மாட்டாங்களா?"

"தலைவன் விழுந்தா ஆட்டம் முடிஞ்சது. அப்படித்தான் வச்சிருக்காங்க."

"அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்?"

அந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பதில் இருந்தது: ஹோமன்குலஸ் என்ற பொருளைப் பையில் வைத்திருந்தால், நாயகனுக்குப் பதிலாக அது உடையும். இருளைத் தாங்கும் வேறு பெர்சோனாவோடு நடந்திருந்தாலும் தப்பியிருக்கலாம். இரண்டுமே முன்னால் ஒருமுறை செத்தவனுக்குத் தெரிகிற பதில்கள். முடோ பலிக்க எவ்வளவு வாய்ப்பு என்று திரையில் எங்கேயும் சொல்வதில்லை. எச்பியைப் பார்த்துப் பார்த்து ஆடிய பிள்ளைக்கு, அவன் பார்த்துக்கொண்டிருந்த எண் அந்த நேரத்தில் எதற்கும் உதவவில்லை. அவன் கேட்டது நியாயமான கேள்வி, கேம்தான் நேராகப் பதில் சொல்லவில்லை.

ஃபைனல் ஃபேண்டசி VIல் ஒரு புகழ்பெற்ற ஓட்டை உண்டு. 1994ல் வந்த சூப்பர் ஃபாமிகாம் பாகத்தில் வேனிஷ் என்ற மந்திரம் ஒருவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கும். வாளால் அடிக்க முடியாது, ஆனால் மந்திரம் கட்டாயம் படும். இந்தக் 'கட்டாயம்' என்ற சோதனையைக் கேம் முதலில் செய்துவிடுவதால், இவனுக்குச் சாவு மந்திரம் பலிக்கக் கூடாது என்ற சோதனைக்குப் போவதே இல்லை. ஆகவே பாஸ் மேல் வேனிஷ், அடுத்து டூம் (ஆங்கிலப் பாகத்தில் சாவு மந்திரத்தின் பெயர்). பாஸ் காலி. 2006ல் கேம்பாய் அட்வான்ஸுக்குக் கொண்டுவந்தபோது இதை அடைத்துவிட்டார்கள். இன்றும் இதைப் பற்றிப் பேசும்போது பலர் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த மந்திரம் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது அந்த ஒரு கேமில்தான், அதுவும் ஓட்டை வழியாக. எனக்கு அந்த வழியில் பெரிய ருசி இல்லை. யோசிக்க ஒன்றும் இல்லையே. எந்தப் பாஸ் வந்தாலும் அதே இரண்டு மந்திரம். அதே கேமில் வரும் பேய் ரயிலுக்கு ஃபீனிக்ஸ் டவுன் போட்டால் ஒரே அடியில் சாகும். அது எனக்கு இதைவிட நூறு மடங்கு பிடிக்கும். உயிர் கொடுக்கும் இறகு, செத்தவனுக்கு விஷம். கதையும் விதியும் அங்கே ஒன்றாக நிற்கின்றன.

என் மனசுக்கு மிக நெருக்கமானது அதற்கு முந்தைய பாகம். 1992ல் வந்த ஃபைனல் ஃபேண்டசி V. அதில் நீல மந்திரம் என்று ஒரு வகை. எதிரி நம் மேல் போடும் மந்திரத்தை வாங்கிக்கொண்டுதான் கற்க வேண்டும். அதில் ஒன்று லெவல் 5 டெத். எதிரியின் லெவல் ஐந்தால் மீதியின்றி வகுபட்டால் சாவு. வகுபடாவிட்டால் ஒன்றுமே ஆகாது. முதல் தடவை இதைப் படித்தபோது கேமை நிறுத்திவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து, இருபத்தைந்து, நாற்பது எல்லாம் சாவு, நாற்பத்தொன்று தப்பும். பலசாலியா பலவீனனா என்ற பேச்சே இல்லை. லெவல் ஒன்பது எதிரி நின்று சிரிப்பான், ஐம்பது லெவல் ராட்சசன் மண்ணைக் கவ்வுவான்.

விதி தெரிந்துவிட்டதால் விளையாட்டே மாறுகிறது. லைப்ரா போட்டு எதிரியின் லெவலைப் பார்க்கத் தோன்றும். வேறு கேமில் யாரும் சீண்டாத தகவல் அது. பால் என்ற பெயருள்ள கோட்டையின் அடித்தளத்தில் கற்சிலை மாதிரி எதிரிகள் கூட்டமாக வரும். சாதாரணமாக அடித்தால் நேரம் பிடிக்கும். அவற்றின் லெவல் ஐந்தால் வகுபடும். ஒரே மந்திரம், கூட்டமே காலி. எத்தனையோ பேர் தங்கள் ஆட்களை அங்கேயே வைத்துப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு நீல மந்திரம் எதிரியின் லெவலைப் பாதியாகக் குறைக்கும். தனியாகப் பார்த்தால் சுமாரான மந்திரம். லெவல் 5 டெத்தோடு சேர்த்துப் பார்த்தால், வகுபடாதவனை வகுபட வைக்கும் கருவி. இதை யாரும் சொல்லித் தராமல் தானாகக் கண்டுபிடிப்பவருக்குக் கிடைக்கும் மகிழ்ச்சியை எந்த வெட்டுக்குத்தும் தராது. கத்தி நம் பக்கமும் திரும்பும்: எதிரி இதே மந்திரத்தைப் போட்டால் நம் லெவலும் கணக்கில் வரும். இருபதாம் லெவலில் நின்றிருந்த வீரன் விழுந்தால், ஏன் விழுந்தான் என்று நமக்குத் தெரியும். அக்கா பையன் கேட்ட கேள்விக்கு இந்தக் கேமில் பதில் உண்டு.

போக்கிமான் நடுவழியில் நிற்கிறது. 1996ல் வந்த முதல் தலைமுறையில், எதிரி நம்மைவிட வேகமானவன் என்றால் ஃபிஷர், ஹார்ன் ட்ரில் எதுவும் பலிக்காது. இரண்டாம் தலைமுறையிலிருந்து லெவல்தான் கோடு. எதிரியின் லெவல் நம்மைவிடக் கூடுதல் என்றால் தொடக்கூட முடியாது. சமமாக இருந்தால் 30 விழுக்காடு. மூன்றாம் தலைமுறையிலிருந்து, நாம் மேலே போகப் போக ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு விழுக்காடு கூடும். 30 என்பது குறைவாகத் தோன்றும். இரண்டு முறை போட்டால் ஒரு தடவையாவது படுவதற்கான வாய்ப்பு 51 விழுக்காடு. அந்த வித்தையைச் சாதாரணமாக ஐந்து முறைதான் போட முடியும். ஐந்தையும் போட்டால் 83. போட்டி ஆடுகிறவர்கள் தங்களுக்குள் இதைத் தடை செய்து வைத்திருப்பதன் நியாயம் இந்த எண்ணில் இருக்கிறது. ஆர்டிகுனோ என்ற போக்கிமான் ஒரு முறை மைண்ட் ரீடர் போட்டுக் குறிபார்த்துவிட்டு அடுத்த முறை ஷீர் கோல்ட் என்ற சாவு வித்தையைப் போட்டால் தப்பாது என்பதை மட்டும் நான் ரசிப்பேன். அங்கே ஒரு முறையைச் செலவழித்து உறுதியை வாங்குகிறோம். எதிராளிக்கும் அந்த ஒரு முறை அவகாசம் இருக்கிறது, ஆளை மாற்றிவிடலாம்.

பவர் வேர்ட் கில் இதைவிடச் சுத்தமான வடிவம். 1978ன் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகளில் 60 எச்பி வரை உள்ள ஒருவனைச் சொல் ஒன்றால் கொல்லும். 2014 விதிகளில் அந்தக் கோடு 100. பகடையே கிடையாது. 1987ன் முதல் ஃபைனல் ஃபேண்டசி இதையே எடுத்துக்கொண்டு கில் என்று பெயர் வைத்து 300 எச்பியில் கோடு கிழித்தது. 2023ல் வந்த பால்டர்ஸ் கேட் 3ல் டார்க் அர்ஜ் என்ற பாத்திரத்தை எடுத்து ஒரு கொடிய முடிவுக்குச் சம்மதித்தால் மட்டும் இது கைக்கு வரும். எதிரியின் எச்பி கண்ணுக்குத் தெரிவதால் சண்டை முழுக்க அந்த நூறை நோக்கியே நகரும். 140ல் நிற்பவனை யார் அடித்தால் 100க்குக் கீழே வருவான், அதற்குள் அவன் முறை வந்துவிடுமா என்று யோசிப்பதிலேயே பாதிச் சண்டை போகும். எச்பிக் கணக்கை ஒதுக்கித் தள்ளும் மந்திரம், அதே கணக்கை இன்னும் கூர்மையாகப் பார்க்க வைக்கிறது.

ஷின் மெகாமி டென்செய் வேறு வழியில் போய்விட்டது. 2021ல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஹாமாவும் முடோவும் எச்பி குறைக்கும் சாதாரணத் தாக்குதல்கள். எதிரியின் பலவீனத்தில் பட்டால் மட்டும் உடனே சாவதற்கு ஒரு வாய்ப்பு உண்டு. திடீர் கேம் ஓவர் புகார்கள் இதனால் குறைந்திருக்கும், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் நெருப்பு, பனிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு நிறம் சேர்ந்ததுதான் மிச்சம். முடோவை என்னிடம் கொடுத்தால் இப்படி எழுதுவேன்: எச்பி கால்வாசிக்குக் கீழே இருப்பவன் மேல் போட்டால் நிச்சயம் சாவு, மேலே இருந்தால் ஒன்றும் ஆகாது, பாஸுக்கும் இதுதான், நாயகனுக்கும் இதுதான். பாஸின் மூன்று கட்ட உருமாற்றமும் இசையும் வீணாகாது. கடைசிக் கால்வாசியில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்கும். நாயகன் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் அடுத்த முறை மருந்துக்குத்தான் போக வேண்டும், எதிரியை முடிக்க இன்னும் ஒரே அடிதான் பாக்கி என்றாலும்.